விண்டோஸில் மட்டும் டெஸ்ட் ஃபெயில்: ஸ்கீமா ஃபைல் கன்டெய்னரில் சரியான இடத்துக்குப் போகவில்லை

கேள்வி

வணக்கம். பைதானில் இன்டக்ரேஷன் டெஸ்ட். டாக்கரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கன்டெய்னரை (தனியாக ஓடும் சின்ன லினக்ஸ் சூழல்) உருவாக்கி, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே டேபிள்களை உருவாக்கும் ஸ்கீமா.எஸ்க்யூஎல் ஃபைலை டார் (ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் ஆர்க்கைவ்) ஆக்கி, டாக்கர் லைப்ரரியின் புட்_ஆர்க்கைவ் மூலம் /டாக்கர்-என்ட்ரிபாயின்ட்-இனிட்டிபி.டி ஃபோல்டருக்கு அனுப்புகிறோம். முதல் ஸ்டார்ட்டில் இந்த ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்கள் தானாக ஓடும். லினக்ஸிலும் மேக்கிலும் ஓடுகிறது. விண்டோஸில் எர்ரர் எதுவும் இல்லாமல் கன்டெய்னர் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் முதல் க்வெரியிலேயே ‘ஆர்டர்ஸ்’ டேபிள் இல்லை என்கிறது. டாக்கர் டெஸ்க்டாப்பை மறுபடி இன்ஸ்டால் செய்தும் பார்த்தாயிற்று. டீமில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் விண்டோஸ்தான், வேலையையே தொடங்க முடியாமல் நிற்கிறார்கள். எங்கே தேடுவது?

பதில் 1

டாக்கரை விட்டுவிடுங்கள், அதில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. கன்டெய்னர் ஓடும்போது எக்ஸெக் போட்டு உள்ளே போய், ரூட்டில் (/, எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலே உள்ளது) ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கொடுத்து வருவதை அப்படியே இங்கே போடுங்கள். டாருக்குள் ஃபைலின் பெயரை எப்படி உருவாக்குகிறீர்கள் என்பதும் வேண்டும்.

கேட்டவர்

இனிட்டிபி ஃபோல்டர் காலி. ஆனால் ரூட்டில் இப்படி ஒரு ஃபைல் கிடக்கிறது:

டாக்கர்-என்ட்ரிபாயின்ட்-இனிட்டிபி.டி\ஸ்கீமா.எஸ்க்யூஎல்

பெயரை ஓஎஸ்.பாத்.ஜாயின் வைத்து எடுத்து, நேரே டார்இன்ஃபோவுக்கு (டாருக்குள் போகும் ஃபைலின் பெயர் முதலிய விவரம்) கொடுக்கிறோம்.

பதில் 1

அதுதான் காரணம். ஓஎஸ்.பாத்.ஜாயின், கோடு ஓடுகிற மெஷினைப் பார்த்துத்தான் ஒட்டும். விண்டோஸில் பேக்ஸ்லாஷ் போடும். லினக்ஸுக்கு பேக்ஸ்லாஷ் ஃபைல் பெயரில் வரக்கூடிய சாதாரண எழுத்து, அதனால் முழுப் பாதையையும் ஒரே பெயராக எடுத்துக்கொண்டு ரூட்டில் எழுதிவிட்டது. அதன் கணக்கில் தவறே நடக்கவில்லை, எர்ரர் வராததும் அதனால்தான்.

உங்கள் லேப்டாப் எதுவாக இருந்தாலும் கன்டெய்னருக்குள் இருப்பது லினக்ஸ் பாதை. அதை பைதானின் பாத்லிப்பில் உள்ள, எந்த மெஷினிலும் / போட்டே ஒட்டும் பியூர்போசிக்ஸ்பாத் கொண்டு மட்டும் கட்டுங்கள். லேப்டாப்பில் இருக்கும் ஃபைலுக்கு பாத்லிப்பின் வெறும் ‘பாத்’ போதும். ஆனால் விண்டோஸ் பாதை ஸ்ட்ரிங்கை அப்படியே பியூர்போசிக்ஸ்பாத்தில் போட்டால் பேக்ஸ்லாஷ் மாறாது. முதலில் ரிலேட்டிவ்_டு வைத்து ரிலேட்டிவ் பாதையை எடுங்கள், அப்புறம் ஆஸ்_போசிக்ஸ் வைத்து அதை / பாதையாக மாற்றுங்கள்.

பதில் 2

இன்னொரு இடத்தையும் பாருங்கள். வால்யூம் மவுண்ட் (லேப்டாப் ஃபோல்டரைக் கன்டெய்னருக்குள் காட்டுவது) கொடுக்கும் ஸ்ட்ரிங்கை உங்கள் கோடு கோலன் வைத்துப் பிரிக்கிறதா? அப்படியானால் ‘சி:’ டிரைவ் எழுத்திலேயே உடைந்துவிடும். சோர்ஸ், டார்கெட் இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கிற மவுண்ட் முறைக்கு மாறிவிடுங்கள்.

விண்டோஸ் பாதையைக் குறிக்கும் பியூர்விண்டோஸ்பாத் லினக்ஸிலும் ஓடும். பாதை கட்டும் ஃபங்ஷனுக்கு அதை உள்ளீடாகக் கொடுத்து ஒரு யூனிட் டெஸ்ட் எழுதி வைத்தால், விண்டோஸ் மெஷின் இல்லாத சிஐயிலேயே (டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் அமைப்பு) இந்த பக் பிடிபடும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், அடுத்த ரீஃபாக்டரில் யாராவது ஓஎஸ்.பாத்தைத் திரும்பக் கொண்டுவருவார்கள்.

கேட்டவர்

பியூர்போசிக்ஸ்பாத் போட்டதும் டேபிள் வந்துவிட்டது, இருவருக்கும் மிக்க நன்றி. கோலன் பிரிப்பதும் ஒரு ஹெல்பரில் இருந்தது, மாற்றிவிட்டேன். அதே ஃபோல்டருக்குப் போகும் சீட்.எஸ்ஹெச் ஸ்கிரிப்ட் மட்டும் இப்போது ‘பேட் இன்டர்ப்ரெட்டர்’ என்று நிற்கிறது. இதுவும் பாதைப் பிரச்சினையா?

பதில் 2

இல்லை, அது வரி முடிவு. கிட் செக்கவுட் செய்யும்போது லினக்ஸின் எல்எஃப் வரி முடிவை விண்டோஸின் சிஆர்எல்எஃப் (எல்எஃபுக்கு முன் சிஆர் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் சேர்ந்தது) ஆக்கியிருக்கும், முதல் வரியில் பாஷ் என்பதோடு ஒரு சிஆர் ஒட்டிக்கொண்டிருக்கும். கிட்ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் எஸ்ஹெச் ஃபைல்களுக்கு ‘ஈஓஎல்=எல்எஃப்’ போட்டு கமிட் செய்யுங்கள். ஏற்கெனவே டிஸ்க்கில் இருக்கிற ஃபைல் தானாக மாறாது, அதை அழித்துவிட்டு மறுபடி செக்கவுட் செய்ய வேண்டும்.