ட்ரிங்கோமலி மாதிரிக் கப்பல்: மஞ்சள் பட்டையா, வெள்ளைப் பட்டையா?

உவர்மலைவாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரான திருகோணமலையின் பெயரைத் தாங்கி, இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கும் ட்ரிங்கோமலி என்ற பாய்க்கப்பலை, 96இல் ஒரு பங்கு அளவில் மரத்தால் செய்து வருகிறேன். அதன் பீரங்கித் தளம் ஏறத்தாழ 150 அடி நீளமானது என்பதால், முன்பக்கம் நீட்டி நிற்கும் கழியை விட்டுவிட்டால், மாதிரி 48 சென்ரிமீற்றர் அளவில் முடிந்துவிடும். என் கணக்கில் வீட்டில் இடம் கிடைத்தது அந்த அளவுக்குத்தான்.

இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது நிறம்: அக்காலப் போர்க்கப்பல் ஓவியங்கள் சிலவற்றில் பீரங்கி வாயில்களின் வரிசையில் மஞ்சள் பட்டையும், வேறு சிலவற்றில் வெள்ளைப் பட்டையும் காணப்படுகின்றன, எது சரி? இரண்டாவது, கடந்த மார்கழி மழையில் தேக்குச் சீவல்களை ஒட்டி முடித்த கப்பலுடல், கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் பலகைக்குப் பலகை வெடித்து, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுவிட்டது. வண்ணம் பூசும் முன் இதைக் காப்பாற்ற வழியுண்டா?

பழைய மாலுமி

தம்பி, நிறத்தைக் கேட்பதற்கு முன் எந்த ஆண்டின் கப்பலைச் செய்கிறீர்கள் என்பதை முடிவுசெய்யுங்கள். இந்தக் கப்பலுக்கு அந்தக் கேள்வி மற்றக் கப்பல்களைவிட முக்கியமானது.

இதைக் கட்டுவதற்கான வரைபடங்களை முதலில் ஏற்றிவந்த ஜாவா என்ற பிரித்தானியக் கப்பல், 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் என்ற போர்க்கப்பலிடம் தோற்று அழிந்தது. மறுபடியும் வரைபடம் அனுப்பப்பட்ட பின்னர், ட்ரிங்கோமலி பம்பாயில் கப்பல் கட்டும் வாடியா குடும்பத்தின் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி தலைமையில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டு, 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கப்பட்டது. ஆனால் 1819இல் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்தபோது நெப்போலியனுடனான போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே பாய்மரங்களைக் கழற்றி, கூரை போட்டு, கால் நூற்றாண்டுக்கு மேல் சும்மா கட்டிவைத்துவிட்டார்கள். 1840களின் நடுப்பகுதியில்தான் பீரங்கிகளின் எண்ணிக்கையை 26ஆகக் குறைத்து, சதுரமாக இருந்த பின்புறத்தை வளைவாக மாற்றி, 1847இல் முதன்முறையாகப் பணிக்கு அனுப்பினார்கள். அதாவது, பிறந்தது விக்டோரியா அரசியார் அரியணை ஏறுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னதாக என்றாலும், போர்க்கப்பலாக உழைத்தது முழுவதும் அவருடைய காலத்தில்தான்.

எனவே 1847ஆம் ஆண்டின் உருவத்தையே செய்யுங்கள் என்பது என் கருத்து. அப்படியானால் பட்டை வெள்ளை. மஞ்சள் கடற்படைத் தளபதி நெல்சன் காலத்து வழக்கம். வெள்ளைப் பட்டையும் சதுரப் பின்புறமும் ஒன்றாக இருக்கும் மாதிரிகளைக் கண்டிருக்கிறேன். ஒரே ஆள் வேட்டிக்குமேல் கோட்டும் தலையில் தொப்பியும் அணிந்ததுபோல இருக்கும்.

பூசும்போது வெள்ளையை முதலில் பூசி, நன்கு காய்ந்த பின் நாடா ஒட்டி, நாடாவின் ஓரத்தில் மறுபடியும் வெள்ளையையே மெல்லியதாக ஒருமுறை தடவுங்கள். அதற்கு மேல் கறுப்பைப் பூசினால் கசிவது வெள்ளையாக இருக்குமே தவிரக் கறுப்பாக இராது. கறுப்பை அப்படியே பயன்படுத்த வேண்டாம். இந்தச் சிறிய அளவில் தூய கறுப்பு விளையாட்டுப் பொருளின் தோற்றத்தைத் தரும். சிறிது வெள்ளையும் துளி மண்ணிறமும் கலந்து, பளபளப்பில்லாமல் பூசுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே செம்புத் தகடு. உண்மைத் தகடு 4 அடிக்கு 14 அங்குலம், உங்கள் அளவில் 12.7 மில்லிமீற்றருக்கு 3.7. செம்பு நாடாவை வெட்டி, முன்தகட்டின் விளிம்பு பின்தகட்டின்மேல் படியும்படி சுக்கானில் தொடங்கி அணியம் (கப்பலின் முன்புறம்) வரை ஒட்டி வாருங்கள்.

தச்சன் மகன்

பெரியவர் நிறத்தைச் சொல்லிவிட்டார்; நான் மரத்தைப் பற்றிச் சொல்கிறேன். உண்மைக் கப்பல் தேக்கு என்பதற்காக மாதிரியையும் தேக்கில் செய்யத் தேவையில்லை. தேக்கின் நரம்பு இந்த அளவுக்கு மிகவும் பெரியது. தேக்கில் எண்ணெய் இருப்பதால், தின்னரால் துடைக்காமல் ஒட்டினால் பசையும் நன்றாகப் பிடிக்காது. தளத்துக்கு முதிரை மரத்தைப் பயன்படுத்துங்கள். கதவு நிலை செய்யும் எந்தத் தச்சரிடமும் கழிவுத் துண்டுகள் கிடைக்கும். நெருக்கமான நரம்பும் வெளிர்மஞ்சள் நிறமும் உடைய அந்த மரம், மெழுகு தேய்த்தாலே கப்பல் தளம்போல் ஆகிவிடும். ஆனால் முதிரைத் தூள் பலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தேய்த்து, ஒரு வாரம் சொறிந்தவன் சொல்கிறேன்.

வெடிப்புக்குக் காரணம் உங்கள் கைவேலை அன்று. மழைக்காலத்தில் ஈரம் குடித்துப் பருத்த சீவல்கள், கச்சானில் காய்ந்து, நரம்புக்குக் குறுக்காகச் சுருங்கியிருக்கின்றன. நீளத்தில் மரம் அவ்வளவாகச் சுருங்காது, அதனால்தான் இணைப்புகள் மட்டும் திறந்திருக்கின்றன. ஆகவே இப்போது, காய்ந்திருக்கும் நிலையிலேயே, அதே மரத்தின் மெல்லிய இழைகளைச் சீவி இடைவெளிகளில் செருகுங்கள். கூட்டுக்கு உட்புறம் கை போகுமானால் அங்கும் வெளியிலும் மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலர் பூசி, அரத்தாளால் தேய்த்து, மறுபடியும் பூசுங்கள். உள்ளே பூசாமல் விட்டால் அடுத்த வாடைக்காற்றில் மறுபடியும் ஈரம் ஏறும். ஸ்பிறே செய்வதாயின் விடியற்காலையில் செய்யுங்கள். கச்சான் வீசும் மதியத்தில் வண்ணம் காற்றிலேயே காய்ந்து, மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக விழும்.

இன்னொரு செய்தி. நீர்மட்டக் கோடு நேரானது. வெள்ளைப் பட்டை நேரானது அன்று, அது தளத்தின் வளைவைத் தொடர்ந்து அணியத்திலும் பின்புறத்திலும் மேலெழும். முதலாவதைச் சமதரையில் ஒரு கட்டையில் பென்சிலைக் கட்டிச் சுற்றிவந்து வரையலாம். இரண்டாவதற்குத் தென்னோலை ஈர்க்கை விடச் சிறந்த கருவி இல்லை. ஊசிகளால் பிடித்துவைத்தால் வளைவு தானாகவே அமைந்துவிடும்.

செம்புத் தகட்டில் மட்டும் பெரியவரோடு உடன்பாடில்லை. கடைகளில் விற்கும் ஆணிக்குறி பதித்த நாடாவை வாங்காதீர்கள். ஓர் அங்குல ஆணித்தலை இந்த அளவில் கால் மில்லிமீற்றர்தான், கண்ணுக்கே தெரியாது. மேலும் எங்கள் உப்புக் காற்றில் செம்பு விரைவில் கறுக்கும், விரல் பட்ட இடங்கள் முதலில் கறுக்கும். ஒட்டியவுடன் துடைத்து வார்னிஷ் பூசாவிட்டால் திட்டுத்திட்டாகிவிடும்.

பழைய மாலுமி

ஆணிக்குறி பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். கறுப்பது பற்றி ஏற்கமாட்டேன்; கடலில் கிடந்த செம்பு எந்தக் காலத்தில் புதுக்காசுபோல் மின்னியது? கைகழுவி ஒட்டி, அப்படியே விட்டுவிடுங்கள்.

உவர்மலைவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. 1847 என்று முடிவுசெய்துவிட்டேன். சதுரமாகச் செய்திருந்த பின்புறத்தை நேற்றிரவே அறுத்தெடுத்துவிட்டேன். இடைவெளிகளை அடைக்கும் வேலையும் ஐப்பசி மழைக்கு முன் முடிந்துவிடும். அணியத்தில் இருக்கும் தலைப்பாகை அணிந்த மனிதரின் சிலைக்கும் முதிரை பொருந்துமா, அண்ணா?

தச்சன் மகன்

பொருந்தும். ஆனால் கடினமான மரம். கத்தியை இரண்டு வெட்டுக்கு ஒருமுறை தீட்டுங்கள். தலைப்பாகையின் மடிப்புகளை முதலில் செதுக்கி, முகத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.