பழைய மலை ஸ்னோமொபில் வச்சிருக்கிற ஆக்கள், இன்னும் மனசில உறுத்துற ஒரு சம்பவத்தை எழுதுங்கோ

எட்மன்டன் பெடியன்:
நானே தொடங்குறன். வண்டி, அதாவது பனியில ஓடுற ஸ்னோமொபில், 700 சிசி டூ ஸ்ட்ரோக், கார்ப் (கார்புரேட்டர்) மொடல், 20 வயசு தாண்டினது. அடியில சுத்துற ரப்பர் ட்ராக்கை 136 இஞ்சியில இருந்து 151க்கு மாத்தி, அதுக்கு மேல இருக்கிற டனலை நீட்டி, சைலன்சரைக் கழட்டிப்போட்டு லேசான கேன் (சின்ன சைலன்சர்) ஒண்டு பூட்டினன். அதெல்லாம் வேற கதை.

கனடா, பிரிட்டிஷ் கொலம்பியாவில ரெவெல்ஸ்டோக், போல்டர் மலை. கீழ வண்டி இறக்கிற இடத்தில ஒரு குறையும் இல்லை. மேல மரங்கள் முடிஞ்சு ஏற்றம் தொடங்கின பிறகு முழு த்ரொட்டில் பிடிச்சா நாலைஞ்சு செக்கன் நல்லா இழுக்கும், பிறகு அப்பிடியே அமுங்கும். கையை எடுத்தா உடனே உயிர் வரும். எங்கட செட்டில ஆளுக்கொரு தீர்ப்பு. ஒருத்தன் பெல்ட் எண்டான், ஒருத்தன் கிளட்ச் எண்டான், மச்சான்காரன் "ட்ராக் நீளம் கூடிப்போச்சு, உன்ர எஞ்சினுக்குக் காணாது" எண்டு முடிச்சுப்போட்டான்.

பக்கத்தில ஒரு கிழவர், ஜாக்கெட் முழுக்க டேப் ஒட்டு, சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டு இதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர். எழும்பி வந்து, "அந்தச் சமதரையில முழுசாப் பிடி, அமுங்கிற நேரம் பிரைமரை ரெண்டு தரம் அடி" எண்டார். பிரைமர் எண்டது எஞ்சினுக்குக் கையால கொஞ்சம் பெற்றோல் தள்ளுற பிடி. அடிச்சன். வண்டி பாய்ஞ்சுது. திரும்பி வர, மூடியைத் திறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். கையுறையைக் கழட்டிப்போட்டு, அந்தக் குளிரில வெறும் விரலால பெற்றோல் பம்ப் பக்கம் இருக்கிற ஓஸ்களை ஒவ்வொண்டாத் தடவிக்கொண்டு போனார். ஒரு ஓஸில நிண்டு, வளைச்சார். மீன் வாய் திறந்த மாதிரி ஒரு வெடிப்பு. பெற்றோல் ஓஸ் இல்லை, கிராங்க்கேஸில இருந்து பம்புக்குப் போற பல்ஸ் ஓஸ். அதால வாற அமுக்கத் துடிப்பிலதான் பம்பின்ர டயஃப்ரம் ஆடும். வெடிப்பால காத்து கசிஞ்சா ஆட்டம் குறையும், கார்ப் கிண்ணம் காலியாகும், பெற்றோல் காணாமல் பிஸ்டன் சூடேறும்.

கத்தியால வெடிச்ச நுனியை வெட்டிப்போட்டு, திரும்பச் சொருகி, ஒரு டை போட்டு இறுக்கினார். பிறகு, "இப்பிடி எவ்வளவு நேரம் ஏத்தினனீ?" எண்டு கேட்டார். காலமை முழுக்க எண்டன். ஒண்டும் சொல்லாமல் சாண்ட்விச்சுக்குத் திரும்பிப் போனார். அந்த ஒண்டும் சொல்லாததுதான் இன்னும் போகேல்ல. வீட்ட வந்து பைப்பைக் கழட்டி எக்ஸோஸ்ட் போர்ட்டால பாத்தன், பிஸ்டன் ஓரத்தில மேல கீழாக் கீறல். வண்டி இப்பவும் அதே பிஸ்டனோடதான் ஓடுது.

கூடலூர்க்காரன்:
அண்ணா, செம. என் கதை சின்னது. நான் கல்கரில இருக்கேன், வண்டி செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ஐடில்ல அருமையா ஓடும். த்ரொட்டில் மேல விரலை வெச்சா டக்குனு ஆஃப். பிளக் மாத்தியாச்சு, காயில் மாத்தியாச்சு, கார்ப் கழட்டி ஜெட் (பெட்ரோல் அளவா போற சின்னத் துளை) எல்லாம் ஊதியாச்சு. ஒரு கடைல ஸ்டேட்டர் (எஞ்சினுக்குக் கரண்ட் குடுக்கிற பார்ட்) போயிருச்சுன்னு பேப்பர்லயே எழுதிக் குடுத்துட்டாங்க.

வேல்மவுன்ட் பார்க்கிங்ல ரீகாயில் கயிறு இழுத்து இழுத்து தோள்பட்டை கழண்டுரும்போல இருந்துச்சு. பக்கத்து ட்ரக்காரர் வந்தார். ஹேண்டில்பார் கிட்ட ஒரு கனெக்டர், ரெண்டு விரலால உருவினார், அவ்ளோதான். "போ, ஓட்டு"ன்னார். த்ரொட்டில் சேஃப்டி சுவிட்ச். அன்னிக்குப் புடுங்குனது இன்னும் அப்படியேதான் தொங்குது, ஒரு பிரச்சினையும் இல்ல. நான் நெனைக்கிறதெல்லாம் அந்த ஸ்டேட்டருக்கு நான் பணம் கட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னுதான். எட்மன்டன் அண்ணா, நீங்களும் முதல்ல இத செக் பண்ணியிருக்கலாம்.

வடமுனை:
தம்பி கூடலூர், அந்தக் கனெக்டரை இண்டைக்கே திரும்பப் பூட்டும். இதுக்குத்தான் எழுத வந்தனான், இல்லாட்டி நான் இங்க வாசிக்கிறதோட சரி.

நான் நோர்வேயில, ஃபின்மார்க் பக்கம். மீன் ஃபக்டரி வேலைக்கு வந்த எங்கட சனம் கொஞ்சம் இன்னும் இங்க இருக்கு. இங்க நினைச்ச இடத்தில ஓடேலாது, அடையாளம் போட்ட பாதையிலதான் ஓடலாம். ஆனா கலைமான் வளர்க்கிற 'சாமி' எண்ட பழங்குடி ஆக்களுக்கு ஸ்கூட்டர் (ஸ்னோமொபிலை இங்க அப்பிடித்தான் சொல்லுறது) இல்லாட்டித் தொழிலே இல்லை. எஞ்சின் விசயத்தில அவையளிட்டத்தான் எல்லாம் கேட்டுப் பழகினனான்.

பழைய வண்டி. எனக்கு வித்தவர் அதே சுவிட்சைத் துண்டிச்சு விட்டிருந்தவர், எனக்குத் தெரியாது. பவுடர் ஸ்னோவுக்குள்ள ஓடிப்போட்டுக் கோப்பி குடிக்க நிப்பாட்டினம். எயார் பொக்ஸுக்குள்ள போன தூள் ஸ்னோ எஞ்சின் சூட்டில உருகி, நிண்ட நேரத்தில கார்ப் ஸ்லைடில (காத்து வழியைத் திறந்து மூடுற துண்டு) திரும்ப உறைஞ்சிருக்கு. ஸ்டார்ட் பண்ணி லீவரை ஒருக்கா அமத்தினன், ஸ்லைட் மேல போய் அங்கேயே நிண்டுட்டுது. கையை எடுத்திட்டன். பெருவிரலுக்குக் கீழ லீவர் லொடலொடவெண்டு ஆடுது, எஞ்சின் கத்துது, வண்டி நேரா நெருப்பைச் சுத்தி இருந்த ஆக்களை நோக்கிப் போகுது. சிவப்பு பட்டனை அமத்தோணும் எண்டு மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியேல்ல. நான் பக்கத்தால விழுந்தன், மணிக்கட்டில கட்டியிருந்த டெதர் கயிறு இழுபட்டுத்தான் எஞ்சின் நிண்டது. ஸ்கீ நுனியில இருந்து கோப்பிக் கேத்தல் ஒரு முழம் இருக்கும்.

அந்தச் சுவிட்சின்ர வேலையே இதுதான். லீவரை விட்ட பிறகும் ஸ்லைட் மூடாட்டி, கேபிள் தளர்ந்திட்டுது எண்டு கண்டு எஞ்சினை நிப்பாட்டும். உம்மடதில கேபிள் வெறுமனே தளர்வாக் கிடந்திருக்கும், சுவிட்ச் அதை ஸ்லைட் இறுகினதா நினைச்சிருக்கு. கேபிளை இறுக்கினாச் சரி. உமக்கு உதவி செய்தவர் உதவி செய்யேல்ல.

கூடலூர்க்காரன்:
அண்ணே, மரியாதையோட சொல்றேன், உங்க ஊர் குளிர் வேற, எங்க மலை வேற. எயார் பாக்ஸ் வென்ட்டுக்கு எல்லாம் ஸ்னோ ஃபில்டர் துணி ஒட்டியிருக்கேன். டெதர் கயிறும் இருக்கு. பயந்துக்கிட்டே ஓட்டணும்னா வண்டியே வேணாமே?

டூஸ்ட்ரோக் தாத்தா:
எல்லாரும் கையால பிடிக்கக்கூடிய பழுதைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நாள் முழுக்க மேலே அருமையாக ஓடிய 800 சிசி வண்டி. மாலை, குளிர் இறங்கியபின், பார்க்கிங் வரைக்கும் உள்ள அந்த நீண்ட தட்டையான பாதையில் முழு த்ரொட்டிலில் பறந்தான் ஒருவன். பார்க்கிங் விளக்குகள் தெரிகிற தூரத்தில் 'கிளக்' என்று ஒரு சத்தம், ட்ராக் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கியது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. பிஸ்டன் இறுகிவிட்டது.

காரணம் எளிது. ரெவெல்ஸ்டோக் ஊர் 480 மீட்டர் உயரம். ஓடுகிற இடம் 2,000 மீட்டருக்கு மேல். உயரத்தில் காற்று மெலிது, ஆகவே மெயின் ஜெட் சிறிதாகப் போடுகிறோம். அதே ஜெட்டோடு கீழே, அதுவும் மைனஸ் 20இல், அடர்ந்த காற்றில் முழுசாகப் பிடித்தால் பெற்றோல் போதாது. எண்ணெயைப் பெற்றோலோடு கலந்து ஓட்டுகிற வண்டிகளில் எண்ணெயும் குறையும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இறங்கும்போது பாதி த்ரொட்டில், இடைக்கிடை கையை விட்டு விட்டு வரவேண்டும். பழைய வண்டிகளில் உயரத்துக்கும் வெப்பத்துக்குமான ஜெட் அட்டவணையை மூடிக்குள்ளேயோ பெல்ட் கார்டிலேயோ ஒட்டியிருப்பார்கள். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் மேனுவலில் இருக்கும். ஆனால் தம்பி எட்மன்டன், பைப்போ கேனோ மாற்றியவுடன் அந்த அட்டவணையை அப்படியே நம்பக்கூடாது. கேன் போட்டபின் ஜெட் பார்த்தீர்களா? எழுதவில்லையே. அந்தக் கீறலுக்கு ஓஸ் மட்டும்தான் காரணம் என்று நான் நம்பமாட்டேன். தவிர, கேன் போட்டு நீங்கள் மிச்சப்படுத்திய எடை ஒரு மதியச் சாப்பாட்டுப் பை. சத்தம் அடுத்த மலைக்குக் கேட்கும். கரிபூ மானுக்காக ஏற்கனவே எத்தனை இடம் மூடிவிட்டார்கள், இதில் சத்தத்துக்கும் பேச்சு வாங்கவேண்டுமா?

கிளட்ச் விஷயத்துக்கு வருகிறேன். 300 மீட்டர் ஏறினால் சுமார் 3 சதவீதம் சக்தி போகும். 2,000 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இல்லை. அப்போது பிரைமரி கிளட்சின் (எஞ்சின் பக்கத்துக் கிளட்ச்) எடைகளும் குறையவேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் தன் ஆர்பிஎம்மைத் தொடாது. ஸ்கி-டூவின் டிஆர்ஏ கிளட்ச் உள்ளவர்களுக்கு அதிர்ஷ்டம். நட்டைத் தளர்த்தி, அதில் எண் போட்ட திருகிகளான கிளிக்கர் மூன்றையும் ஒரு எண் ஏற்றினால் சுமார் 200 ஆர்பிஎம் கூடும். மூன்றும் ஒரே எண்ணில் இருக்கிறதா என்று இரண்டு தரம் பாருங்கள்.

த்ரொட்டிலை விட்டபிறகும் ஐடில் மெதுவாகவே இறங்கினால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. கார்ப் பூட்ஸ் (கார்பை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர்) வெடித்திருக்கும், அல்லது கிராங்க் சீல். இன்டேக், எக்ஸோஸ்ட் இரண்டையும் அடைத்து, 6 முதல் 8 பிஎஸ்ஐ வரை காற்றேற்றி, சவர்க்கார நீர் தெளித்துப் பாருங்கள். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கிறவர்கள் சூடான பைப் பக்கத்தில் அதைச் செய்யாதிருந்தால் நல்லது. பெல்ட் வெடித்தால், புதுப் பெல்ட் போடுமுன் பிரைமரிக்குப் பின்னால் சுற்றியிருக்கும் நூலை எல்லாம் எடுங்கள். அந்த நூல் கிராங்க் சீலைத் தின்றுவிடும். வசந்தகாலக் கட்டிப்பனியில் பனியைக் கீறித் தெறிக்கவைக்கும் ஸ்க்ராட்சரை இறக்கி ஓட்டுங்கள், இல்லாவிட்டால் எஞ்சினைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் பனி போகாது, ட்ராக் உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டையான ஹைஃபாக்ஸும் உருகும். இன்னும் எழுதலாம், கை வலிக்கிறது.

கோல்டன் ராணி:
தாத்தா, கும்பிடுறன், கதையை நாலு வரியில சொல்லிப்போட்டு பாடத்தை நாற்பது வரியில எழுதியிருக்கிறியள். ஒருத்தரும் கேக்காத ஒண்டை நான் கேக்கிறன். வண்டி எங்க நிண்டது?

என்ர அவர், என்ர கொழுந்தன், நான். கோல்டன் பக்கம், குவார்ட்ஸ் க்ரீக். என்ர வண்டியின்ர பெல்ட் சரிவின்ர நடுவில பிய்ஞ்சுது. நடுவில எண்டா, மேலயும் ஸ்னோ, கீழயும் ஸ்னோ. நான் மூடியைத் திறந்து நூல் இழுத்துக்கொண்டு நிக்கிறன். கொழுந்தன் பாவம், நல்ல மனுசன், "நில்லுங்கோ அண்ணி வாறன்" எண்டு கீழ இருந்து ஏறத் தொடங்கிட்டார். எங்களுக்குத் தெரியாத ஒரு பொம்பிளை, வேற குறூப், தன்ர வண்டியைக் கொண்டுவந்து அவருக்குக் குறுக்க நிப்பாட்டிப்போட்டு ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு நிண்டா. அவர் கத்துறார், அவ அசையேல்ல. சரிவில ஒரு நேரத்தில ஒரு ஆள்தான், மாட்டினவைக்கு உதவ ரெண்டாவது வண்டி ஏறக்கூடாது எண்டு அவ ரேடியோவில எனக்குச் சொன்னா. நானே பெல்ட்டைப் போட்டு, நானே இறங்கி வந்தன்.

ஸ்னோ இடிஞ்சு வரேல்ல. ஒண்டும் நடக்கேல்ல. ஆனா அவ விரிச்ச அந்த ரெண்டு கையும் கண்ணுக்குள்ளயே நிக்குது. பனிச்சரிவில புதைஞ்ச ஆளைத் தேடி எடுக்கிற பீக்கன், ஷவல், ப்ரோப் எல்லாம் எங்களிட்டயும் இருந்தது. அவலாஞ்ச் கனடாவின்ர பனிச்சரிவு அறிக்கையை விடிய வாசிச்சும் இருந்தம். மாட்டினா என்ன செய்யிறது எண்டு மட்டும் ஒருத்தரும் கதைக்கேல்ல. பழைய வண்டியோட மலைக்குப் போறவை கார்பைப் பற்றிக் கதைக்கிறதில பாதியாவது இதைக் கதையுங்கோ.

எட்மன்டன் பெடியன்:
அக்கா சொன்னது சரி. எங்கட செட்டிலயும் அதைக் கதைக்கிறேல்ல.

தாத்தா, கேன் போட்டாப் பிறகு மெயின் ஜெட் ரெண்டு சைஸ் கூட்டினனான், பிளக் நிறம் நல்ல பழுப்பு. சும்மா குற்றம் பிடிக்காதையுங்கோ. எனக்கு வேற கவலை. யமஹா 2023இல ஸ்னோமொபில் செய்யிறதை விடுறம் எண்டு அறிவிச்சுது, இங்க 2025 மொடலோட முடிவு. எங்கட மாதிரிப் பழசு வச்சிருக்கிற ஆக்களுக்கு ரப்பர் சாமான் இன்னும் எவ்வளவு காலம் வரும்? நான் கார்ப் பூட்ஸும் பம்ப் கிட்டும் இப்பவே ரெண்டு செட் வாங்கி வச்சிட்டன்.

வடமுனை:
ரப்பரை வாங்கி வச்சாலும் அது பெட்டிக்குள்ள இருந்தபடியே காயும். ஒரு செட் காணும்.

கூடலூர்க்காரன்:
சரி சரி. வடமுனை அண்ணே, திட்டாதீங்க. நேத்து கராஜ்ல கனெக்டரைத் திரும்ப மாட்டிட்டு, கேபிளை இறுக்கிப் பார்த்தேன். வண்டி ஆஃப் ஆகல, ஒத்துக்கறேன். ஆனா இப்ப ஹேண்டிலை இடது பக்கம் முழுசாத் திருப்பினா ஐடில் தானா ஏறுது. நேரா வெச்சா இறங்கிடுது. இது வேற பிரச்சினையா?

டூஸ்ட்ரோக் தாத்தா:
ரைசர் போட்டிருக்கிறீர்களா?

கூடலூர்க்காரன்:
வாங்கும்போதே இருந்துச்சு. நாலு இன்ச் இருக்கும். கேபிள் ஒரிஜினல்தான்னு நெனைக்கிறேன்.

டூஸ்ட்ரோக் தாத்தா:
அதுதான். ஹேண்டிலை உயர்த்தியவர் கேபிளை நீட்டவில்லை. நேராக இருக்கும்போது சரியாக இறுக்கினால், திருப்பும்போது அது ஸ்லைடைத் தூக்குகிறது. அதற்காகத்தான் தளர்த்தி விட்டிருப்பார்கள், அதனால்தான் சுவிட்ச் வண்டியை நிறுத்தியது. நீளமான த்ரொட்டில் கேபிள் தனியாகக் கிடைக்கும், ரைசர் உயரத்தைச் சொல்லி வாங்குங்கள். பிரேக் ஓஸும் இழுபடுகிறதா என்று அதே நேரம் பாருங்கள். கேபிள் வரும்வரை வண்டி கராஜிலேயே நிற்கட்டும்.

கூடலூர்க்காரன்:
இந்த வீக்கெண்டு வேல்மவுன்ட்ல நல்ல ஸ்னோ தாத்தா...

கோல்டன் ராணி:
நிக்கட்டும் எண்டால் நிக்கட்டும், தம்பி.