மின்சாரம் போன நாளில் மீன் தொட்டி: குளிர்கால அனுபவங்கள்

ஸ்காபரோவிலிருந்து (இந்த இணைய உரையாடலைத் தொடங்கியவர்)

குளிர்காலத்தில் தொட்டித் தண்ணீரை இளஞ்சூட்டில் வைத்திருக்க நீங்கள் பட்ட பாட்டை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2013 டிசம்பர் 21, சனிக்கிழமை இரவு. ரொறன்ரோவில் பெய்த மழை மரக்கிளையிலும் மின்கம்பியிலும் விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்துகொண்டிருந்தது. இரவு முழுதும் கிளைகள் முறியும் சத்தம். எங்கள் ஊரில் ஷெல் விழுந்த காலத்தைப் பார்த்த அம்மாவுக்கு அன்று தூக்கமே இல்லை. ஞாயிறு விடியுமுன் மின்சாரம் நின்றது. நகரில் ஏறத்தாழ 3 லட்சம் இணைப்புகளுக்கு அதே கதிதான். எங்கள் தெருவுக்கு வெளிச்சம் திரும்பியது நத்தார் (கிறிஸ்துமஸ்) அன்று மாலை.

வீட்டைச் சூடாக்கும் உலை எரிவாயுவில்தான் எரிகிறது. ஆனால் அந்தச் சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். ஆகவே வீடும் குளிர்ந்தது, வரவேற்பறையில் இருந்த 200 லீற்றர் தொட்டியும் குளிர்ந்தது. ஒரு சோடி ஏஞ்சல், இருபது நியோன் டெட்ரா, கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் மீன் ஒன்று. காலையில் 26 பாகை, மதியம் 23, இருட்டும்போது 20. ஏஞ்சல் இரண்டும் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நின்றன.

முதல் நாள் நான் செய்தவை எல்லாம் பிழை. கோலா போத்தலில் கொதிதண்ணீரை ஊற்றினேன். போத்தல் சுருங்கி, சுட்ட அப்பளம் போல ஆகிவிட்டது. பிறகு ஊறுகாய் வந்த பெரிய கண்ணாடிப் போத்தல்களை எடுத்தேன். அவற்றை முதலில் வெதுவெதுப்பான நீரில் அலசி, பிறகு சூடான நீரை நிரப்பி, இறுக மூடித் தொட்டியில் இறக்கினேன். நான்கு போத்தல் இறக்கினால் அதே அளவு தண்ணீர் வெளியே வரும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறேன். கம்பளம் நனைந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

அடுப்பு எரிவாயு அடுப்பு, தீக்குச்சியால் பற்றவைக்க முடிந்தது. அதையும் தண்ணீர் கொதிக்கும் நேரத்துக்கு மட்டுமே, பக்கத்திலேயே நின்று எரித்தோம். அந்த நாட்களில் கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் வைத்து நச்சு வாயுவில் சிக்கியவர்கள் உண்டு. மீனுக்காக அந்த வேலை மட்டும் வேண்டாம்.

இரண்டு லீற்றர் போத்தல் நான்கு இறக்கினால் என் தொட்டியில் வெப்பம் இரண்டு பாகை ஏறும். தொட்டியைத் திறந்தபடி விட்டிருந்ததால் மூன்று மணி நேரத்தில் அந்த இரண்டும் போய்விடும். இரவெல்லாம் ஏற்றுவதும் இறங்குவதுமாக இருந்தது. மறுநாள்தான் புத்தி வந்தது. நான்கு பக்கமும் கட்டில் மெத்தையின் பஞ்சு விரிப்பு, அதற்கு மேல் இரண்டு போர்வை, மேல்மூடிக்கு மேல் ஒரு துவாய், காற்றுக்கு ஒரு மூலையில் மட்டும் இடைவெளி. "பிள்ளைகளுக்குப் போர்வை போதவில்லை, நீ தண்ணீருக்குப் போர்த்துகிறாய்" என்று அம்மா ஏசினார். ஆனால் அதற்குப் பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை போத்தல் மாற்றியதே போதுமாக இருந்தது. 26க்குக் கொண்டுபோக முயலவே இல்லை. 21இல் நிறுத்தி வைத்தேன். உணவும் கொடுக்கவில்லை. குளிர்ந்த மீனுக்குச் செரிக்காது, கழிவைச் சுத்தம் செய்ய வடிகட்டியும் ஓடவில்லை.

வடிகட்டியைப் பற்றி ஒன்று. மூடிய டப்பா வகை வடிகட்டி நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியா சில மணி நேரத்தில் மூச்சுமுட்டிச் சாகத் தொடங்கும். நான் உள்ளிருந்த பஞ்சைக் கழற்றித் தொட்டியிலேயே மிதக்கவிட்டேன். நீரில் காற்றுக் கலக்க, அரை மணிக்கு ஒருமுறை குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். இரவில் அந்த வேலைக்கு மகனும் நானும் முறைவைத்துக்கொண்டோம்.

நியோன் மூன்று செத்தன. மூன்றும் முதல் இரவில், நான் அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றி இறக்கியபோது.

ஊட்டியிலிருந்து

அண்ணா, உங்களுக்கு மின்சாரம் போய்ப் பிரச்சினை. எனக்கு மின்சாரம் இருந்ததே பிரச்சினை.

ஜனவரியில் இங்கே புல்வெளி முழுதும் உறைபனி படர்ந்து வெள்ளையாக இருக்கும். வீட்டுக்குள் பத்துப் பதினொரு டிகிரி. 60 லிட்டர் தொட்டிக்கு 200 வாட் ஹீட்டர் வாங்கினேன். "ஊட்டிக் குளிருக்குப் பெரிதாகவே இருக்கட்டும்" என்று கடைக்காரர் சொன்னார், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. மூன்றாவது வருடம் ஒரு காலையில் தொட்டிக் கண்ணாடியில் கை வைத்தால் குளிக்கிற வெந்நீர் மாதிரி சுடுகிறது. வெப்பமானியில் 38. ஒரு மீன் மிஞ்சவில்லை. தெருவெல்லாம் பனி, என் வீட்டில் மீன் வெந்து கிடக்கிறது. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்புத்தான் வந்தது அவர்களுக்கு.

பிறகு ஹீட்டர்களைப் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர் விளக்கினார். உள்ளே இரண்டு உலோகத் தகடு ஒட்டிய பட்டை ஒன்று சூட்டில் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும், ஆறினால் மறுபடி சேர்க்கும். ஒவ்வொரு முறையும் சின்னப் பொறி. பல ஆயிரம் முறை நடந்தபின் அந்த முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையவே அணையாது.

60 லிட்டரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 70 வாட்-மணி வேண்டும். 200 வாட் ஹீட்டருக்கு அது இருபது நிமிட வேலை. நான் தூங்கிய நேரத்தில் அது பன்னிரண்டு டிகிரியைத் தாண்டியதில் என்ன வியப்பு? இப்போது 50 வாட்டில் இரண்டு, தொட்டியின் இரு முனைகளில். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது அணைந்துவிடும். ஒற்றை 50 வாட் இந்தக் குளிரோடு மல்லுக்கட்டி மீனை வேகவைக்க முடியாது. ஒன்று செத்துப்போனாலும் மற்றது காலை வரை தாங்கும். பின்பக்கமும் இரு பக்கவாட்டும் ஓர் அங்குல தெர்மாகோல் ஒட்டிவிட்டேன். வெள்ளையாக அசிங்கமாகத்தான் இருக்கிறது. மனைவி கறுப்புத் தாள் ஒட்டிக் கொடுத்தாள்.

கூடவே இன்னொன்று: தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கால் மணி நேரம் பொறுத்துத்தான் தொட்டியில் கை விடுவேன். சூடாக இருந்த கண்ணாடிக் குழாய் ஒருமுறை தண்ணீருக்கு வெளியே தெரிந்து, அதன்மேல் குளிர்ந்த நீர் பட்டு, படீரென்று விரிசல் விட்டது. வீட்டில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சென்னை, பெரம்பூரிலிருந்து

உறைபனிக் கதைகளுக்கு நடுவே சென்னைக்காரன் பேசினால் சிரிப்பீர்கள். கொளத்தூர் வளர்ப்பு மீன் கடையில் ஹீட்டர் கேட்டபோது பக்கத்தில் நின்றவரும் சிரித்தார். "மார்கழியில் உங்களுக்கே ஸ்வெட்டர் தேவையில்லை, மீனுக்கு எதற்கு?" என்றார்.

என்னுடையது 20 லிட்டர் தொட்டி, ஒரே ஒரு பைட்டர் மீன், ஜன்னலோரம். மார்கழியில் வாசலில் கோலம் போட அம்மா எழுந்திருக்கும் நேரத்தில் தண்ணீர் 21. மதிய வெயில் ஜன்னல் வழியாக விழுந்ததும் 28. இப்படி ஒவ்வொரு நாளும் ஏழு டிகிரி ஏறி இறங்கியது. பத்தாம் நாள் மீனின் மேல் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். தொட்டியில் இருந்த மணலில் தேய்த்துத் தேய்த்து நீந்தியது.

கொளத்தூரில் பல வருடமாகக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர்தான் வழி சொன்னார். "மருந்தை அப்புறம் பாருங்கள் தம்பி, முதலில் தண்ணீரை மெதுவாக 30க்குக் கொண்டுபோங்கள், அங்கேயே நிறுத்துங்கள்." காரணம் பின்னர் புரிந்தது. அந்த வெள்ளைப் புள்ளிக்குக் காரணமான ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது, வெளியே நீந்தும் பருவத்தில்தான் கொல்ல முடியும். குளிர்ந்த நீரில் அது வெளியே வர வாரக்கணக்காகும், சூட்டில் சில நாட்களே. சூடு ஏறினால் நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் காற்றைச் சிறு குமிழிகளாக விடும் காற்றுக்கல்லையும் சேர்த்து ஓடவிட்டேன். கல் உப்பு கொஞ்சம். இரண்டு வாரத்தில் புள்ளி மறைந்தது.

25 வாட் ஹீட்டர் ஒன்று வாங்கினேன், தொட்டியை ஜன்னலிலிருந்து உள்சுவருக்கு மாற்றினேன். இரண்டில் எது பயன்பட்டது என்று கேட்டால், இடம் மாற்றியதுதான் என்பேன். பைட்டருக்கு மூடியும் அவசியம். மேலே வந்து காற்றை விழுங்கும் மீன் அது, குளிர்ந்த காற்று அதற்கு ஆகாது.

கொடைக்கானலிலிருந்து

எங்கள் வீட்டில் பொன்மீன் மட்டும். ஹீட்டர் கிடையாது, பத்து வருடமாக ஒரு தொல்லையும் இல்லை. மலையில் இருந்துகொண்டு, சூடான நீர் கேட்கும் டிஸ்கஸ் மீனை வளர்ப்பேன் என்று அடம்பிடிப்பானேன்?

பிரம்டனிலிருந்து

மின்சாரம் ஒழுங்காக இருந்தும் நான் மாட்டிக்கொண்ட இடம் குழாய்த் தண்ணீர். பெப்ரவரியில் குழாயைத் திறந்தால் கை மரத்துப்போகும். அப்படியே பாதித் தொட்டியை நிரப்பினேன். ஹீட்டர் சூடாக்கச் சூடாக்க, குளிர்ந்த நீரில் கரைந்திருந்த காற்றெல்லாம் நுண்குமிழியாகப் பிரிந்து செடியிலும் கண்ணாடியிலும் மீனின் செதிலிலும் முத்துப்போல ஒட்டிக்கொண்டது. பார்க்க அழகு, மீனுக்கு ஆபத்து. இப்போது முதல் நாளே வாளியில் பிடித்து, குளோரின் நீக்கி, ஏர் பம்ப் போட்டு அறைச்சூட்டில் வைத்துவிடுகிறேன்.

ஸ்காபரோ அண்ணா, அந்த ஏஞ்சல் சோடி தப்பியதா?

ஸ்காபரோவிலிருந்து

தப்பின தம்பி. மின்சாரம் வந்ததும் ஹீட்டரை நேரே 26இல் வைக்காமல், ஒரு நாளுக்கு இரண்டு பாகை என்று ஏற்றினேன். வடிகட்டியை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் ஓடவிட்டேன். உள்ளே முட்டை அழுகிய வாடை அடித்தது. மார்ச்சில் இரண்டும் ஒரு அகன்ற இலையில் முட்டையிட்டன. ஆனால் மறுநாளே தாங்களே தின்றுவிட்டன.

அந்த ஊறுகாய்ப் போத்தல்கள் நான்கும் இன்னும் தொட்டி மேசைக்குக் கீழேதான் இருக்கின்றன. அம்மா எடுத்து ஊறுகாய் போடக் கேட்டார், கொடுக்கவில்லை.