வயதானவர்களை வைத்து வள்ளி கும்மி நடத்த முடியுமா?

அவினாசிரோட்டுக்காரன்:
கோவையில் எங்கள் குடியிருப்பில் அறுபது தாண்டியவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கமிருந்து மகன், மகள் வீட்டுக்கு வந்து தங்கியவர்கள். யோகா வகுப்பு வைத்தோம், கொஞ்ச நாளில் கூட்டம் கரைந்துவிட்டது. "கும்மின்னா நான் வர்றேன்" என்கிறார் என் அம்மா. வயது 71, முட்டி வலி, சர்க்கரை இரண்டும் உண்டு. முருகன், வள்ளி கதையைப் பாடி ஆடும் எங்கள் பக்கத்து வள்ளி கும்மியின் அரங்கேற்றங்களில் இரண்டு மூன்று மணி நேரம் விடாமல் ஆடுகிறார்கள். அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. வயதானவர்களை வைத்து நடத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

குறிச்சிக்குளம்:
கும்மியெல்லாம் முட்டிக்கு ஆகாதுங்க. தஞ்சாவூர் ஓவியம் மாதிரி உட்கார்ந்து செய்வதாகப் பாருங்கள்.

பல்லடம் டீச்சர்:
ஓவியமும் நல்லதுதான். ஆனால் அந்த அம்மா கேட்டது கும்மி. கேட்டதைக் கொடுத்தால்தான் தொடர்ந்து வருவார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊர் மண்டபத்தில் பெரியவர்களை வைத்து இதைத்தான் நடத்துகிறேன், தாராளமாக வைக்கலாம்.

முதல் சில வாரம் ஆட்டமே வேண்டாம். வட்டமாக நாற்காலி போட்டு உட்கார வைத்து, தெரிந்த பாட்டைப் பாடச் சொல்லுங்கள். நடவுப் பாட்டு, தாலாட்டு, சீர் செய்யும்போது பாடுவது என்று ஒவ்வொருவரிடமும் ஏதாவது இருக்கும். ஒருவர் பாடினால் இன்னொருவர், "எங்க ஊர்ல அப்படி இல்ல அம்மிணி" என்று திருத்துவார். அங்கேதான் வகுப்பு சூடு பிடிக்கும். எல்லாவற்றையும் போனில் பதிவு செய்து வையுங்கள், பல பாட்டு அவர்களோடு போய்விடும். ஒப்பாரியை மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள். சாவு விழாத இடத்தில் அதைப் பாடக் கூடாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றில் கவனம் வேண்டும். கணவரை இழந்தவர்கள் தாமாகவே ஓரத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். நல்ல காரியத்துக்கு ஆடுகிற கும்மி, நமக்கெதற்கு என்பார்கள். கையைப் பிடித்து இழுத்தால் அடுத்த வாரம் வரவே மாட்டார்கள். பாட்டு எடுத்துக் கொடுக்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். பாட்டெடுப்பவர் நடுவில்தானே நிற்க வேண்டும்? அப்படி நடுவில் வந்து நின்ற பெரியம்மா ஒருவர்தான் இன்றைக்கு எங்கள் குழுவுக்கு வாத்தியார். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை விடாமல் நடத்துவேன்.

ஆண்கள் வரமாட்டார்கள் என்று முடிவு செய்துவிடாதீர்கள். வள்ளி ஒயில் கும்மி ஒரு காலத்தில் ஆண்கள் ஆடிய ஆட்டம். மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பன் அய்யா பெண்களையும் சேர்த்து ஆட வைத்தவர். 2024இல் 87 வயதில் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இதைச் சொன்ன பிறகுதான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்த எங்கள் ஊர்த் தாத்தாக்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.

நேரத்தை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். பாட்டிமார்களுக்கு நான்கு மணிக்குப் பள்ளி வேன் வந்துவிடும், அதற்குள் முடித்தாக வேண்டும். கழிப்பறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். வழுக்கும் டைல்ஸ் தரையில் காலுறையோடு யாரையும் ஆட விடாதீர்கள்.

இயன்முறை:
நான் பிசியோதெரபிஸ்ட். முட்டி வலி இருப்பவர்கள் ஆழமாகக் குனிந்து நிமிரும் அடிகளையும், ஒரே காலில் சட்டென்று திரும்பும் அடிகளையும் விட்டுவிடலாம். மற்றபடி எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றி நடப்பது தடுமாற்றத்தைக் குறைக்க நாங்கள் சொல்லிக்கொடுப்பதுதான். சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு வரக் கூடாது. அம்மாவின் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

2001இல் நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மாரிஸ் நடனக் குழு பார்க்கின்சன் நோயாளிகளுக்கு நடன வகுப்பு தொடங்கியது. முதலில் நாற்காலியில் உட்கார்ந்து ஆடுவார்கள், அப்புறம் பிடிமானத்தோடு நின்று, முடிவில் எல்லோரும் வட்டமாகக் கைகோர்த்து நிற்பார்கள். புனேயில் ரிஷிகேஷ் பவார் என்ற நடனக் கலைஞரும் இப்படிப்பட்ட வகுப்பு நடத்தியிருக்கிறார். டீச்சர் நாற்காலியில் தொடங்கச் சொல்வது மிகச் சரி. நிற்க முடியாதவர்கள் கடைசிவரை நாற்காலியிலேயே கை தட்டி ஆடட்டும். ஆனால் அந்த நாற்காலி வட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அவினாசிரோட்டுக்காரன்:
ரொம்ப நன்றி டீச்சர், நன்றி டாக்டர். ஜமாப் மேளம் வைக்கலாமா? அரங்கேற்றம் அவசியமா?

பல்லடம் டீச்சர்:
மூடிய மண்டபத்தில் ஜமாப் வேண்டாம் தம்பி. காது மிஷின் போட்டவர்களுக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாக மோதும், பாட்டு காதில் விழாது. கைத்தட்டும் சலங்கையும் போதும்.

அரங்கேற்றம் கட்டாயம் வையுங்கள். வயதானவர்களுக்கு எதற்கு மேடை என்று பிள்ளைகளே சொல்வார்கள், காது கொடுக்காதீர்கள். ஒரே நிறத்தில் சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு, ஊர் பார்க்க ஆடுவதில் இருபது வயதுக்கு உள்ள ஆசை எழுபதிலும் இருக்கிறது. எங்கள் கோயில் விழாவில் முதல் அரை மணி நேரத்தை எங்களுக்கென்று கேட்டு வாங்கிவிடுவோம், இளசுகள் அதற்கப்புறம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடட்டும். வெளியிலிருந்து வாத்தியாரைக் கூப்பிட்டால் உரிய சம்பளம் கொடுத்துவிடுங்கள், சேவை என்று சொல்லி இழுத்தடிக்க வேண்டாம். நாங்கள் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தொடங்குவோம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் வாங்க, தனிச்செய்தியில் வழி அனுப்புகிறேன்.