சர்க்கரை உள்ளவர்களுக்குக் காதுக்குள் ஸ்டீராய்டு ஊசி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. தூங்கி எழுந்தபோது இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை, கூடவே இரைச்சல். ஆடியோகிராம் பார்த்த டாக்டர், நரம்பு சார்ந்த திடீர்ச் செவித்திறன் இழப்பு என்றார். உள்காதின் ரத்தக்குழாய்கள் மிக நுண்ணியவை, சர்க்கரை அவற்றைப் பாதித்திருக்கலாமாம். 2 வாரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்குவது நல்லது, ஆனால் மாத்திரையாகக் கொடுத்தால் சர்க்கரை எகிறும். அதனால் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஊசி போடலாம் என்கிறார். அம்மா ரொம்பப் பயப்படுகிறார்.

சர்க்கரை உள்ளவர்கள் யாராவது இந்த ஊசி போட்டிருக்கிறீர்களா? வலி எப்படி இருந்தது? மாத்திரை எடுத்தவர்கள் சர்க்கரையை எப்படிச் சமாளித்தீர்கள்? காது எவ்வளவு திரும்பியது? நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும். காதில் எண்ணெய் விடும் யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.