கிளை நிறுவனத்திற்குப் புத்தாக்கத் திறன் எங்கிருந்து வருகிறது?

கேள்வி:
வணக்கம். பன்னாட்டு நிறுவனங்களின் வெளிநாட்டுக் கிளைகளைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதி வருகிறேன். தலைமையகம் வரைந்து தந்ததைச் செய்து கொடுப்பதற்காகத் தொடங்கப்பட்ட கிளைகளில் சில மட்டும் நாளடைவில் தாமே புதிய பொருள்களை உருவாக்குகின்றன. குறைந்த சம்பளத்தில் பொறியாளர்கள் கிடைப்பது எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாக இருக்க, இந்த வேறுபாடு எதனால் வருகிறது?

மறுமொழி 1:
முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் (ஜிஇ) நிறுவனத்தின் பெங்களூர்ப் பொறியாளர்கள் வடிவமைத்த ‘மேக் 400’ ஈசிஜி கருவியில் பொத்தான்கள் நான்குதான். பெரிய அச்சுப்பொறிக்குப் பதிலாக, கையடக்கப் பயணச்சீட்டு இயந்திரங்களில் இருக்கும் சிறிய அச்சுப்பொறியைப் பொருத்தினார்கள். மின்சாரம் இல்லாத ஊரிலும் பேட்டரியில் ஓடும் அக்கருவி, வழக்கமானது 2,000 டாலர் விற்ற காலத்தில் 800 டாலருக்குக் கிடைத்தது. அதற்கு முன்பே, 2002இல், அந்நிறுவனத்தின் சீனக் குழு மடிக்கணினியைக் கொண்டே அல்ட்ராசவுண்ட் கருவியைச் செய்திருந்தது. வடிவமைப்பு, கொள்முதல், விற்பனை மூன்றையும் அந்தக் குழுவே தீர்மானிக்க விட்டிருந்தார்கள்.

மறுமொழி 2:
உரிமை மட்டும் போதாது, உள்ளூர் உதிரிபாகத் தொழிற்சாலைகளோடு நெருக்கமும் வேண்டும். 2015இல் சென்னைக்கு அருகிலுள்ள ஒரகடம் ஆலையிலிருந்து வெளிவந்த, பிரெஞ்சு நிறுவனமான ரெனோவின் க்விட் காரின் திட்டத்தலைவர் ஜெரார்ட் டெடூர்பே, பாரிஸிலிருந்து கடிதம் எழுதிக்கொண்டிராமல் சென்னைக்கே வந்து தங்கினார். அந்தக் காரின் சக்கரத்தைப் பாருங்கள்: மூன்றே நட்டுகள். கண்ணாடிக்கு ஒரே வைப்பர். செலவைக் குறைக்க இப்படி ஒவ்வொரு பாகத்திலும் கேள்வி எழுப்ப வேண்டுமானால், அதைச் செய்பவர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில் (பெயர் வேண்டாம்), ஒரு பிளாஸ்டிக் கிளிப்பின் மூலப்பொருளை மாற்ற அனுமதி கேட்டோம். பதில் வர ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு எவரும் எதையும் கேட்கவில்லை.

மறுமொழி 3:
க்விட்டை அவ்வளவு புகழ வேண்டாம். 2016 மே மாதத்தில், கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்காப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் அதற்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. பிரேசிலில் விற்பதற்காக அதே வண்டியை வலுப்படுத்தினார்கள் என்பதையும் ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. கொள்முதல் அதிகாரத்தை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. வினாப்பட்டியலில் அதை முதலில் வைக்கிறேன். ஐயா, அந்தக் கிளிப் கதையைப் பெயர் குறிப்பிடாமல் பயன்படுத்திக்கொள்ளலாமா?