சத்து மாத்திரை, சத்து மாவு டப்பா: உங்களுக்கு நிஜமாகவே பலன் தெரிந்ததா?

வடவாற்றங்கரை:
மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 67 வயது, சைவம். சர்க்கரைக்கு 12 வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். போன வருடம் அவருக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம் வாய்க்கால் கரையில் நடந்து வரும்போது இடது கால் செருப்பு சேற்றில் மாட்டிக் கழன்றுவிட்டது. அவருக்குத் தெரியவே இல்லை. பத்தடி தள்ளி வந்த பிறகு நான் சொல்லித்தான் குனிந்து காலைப் பார்த்தார்.

தெரிந்தவர் ஒருவர் நரம்புக்கு நல்லது என்று ஒரு புரோட்டீன் டப்பாவும் மூலிகை கேப்ஸ்யூலும் கொண்டுவந்து கொடுத்தார். மாதம் 3,200 ரூபாய். எட்டு மாதம் வாங்கினோம். ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் தஞ்சாவூரில் ஒரு மருத்துவர் ரத்தத்தில் வைட்டமின் பி12 பார்க்கச் சொன்னார். 118 வந்தது. 200-க்குக் கீழே போனாலே குறைவு என்றார். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் குடல் பி12-ஐச் சரியாக உறிஞ்சாதாம். ஊசி போட்டார்கள், அப்புறம் மாத்திரை. மூன்று மாதத்தில் மரத்துப்போவது குறைந்தது. இப்போது களத்தில் வெறுங்காலோடு நின்றால் தரைச் சூடு தெரிகிறது என்கிறார்.

போன 25,600 ரூபாயைவிட, போன எட்டு மாதம்தான் எனக்கு ஆறவில்லை. டப்பா சத்தெல்லாம் ஏமாற்று என்பது என் முடிவு. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பாபநாசம் செல்வி:
தம்பி, அப்பா தேறியதில் சந்தோஷம். ஆனால் உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஊசியில் இருந்ததும் சத்துதானே? உடம்பில் இல்லாததை வெளியிலிருந்து கொடுத்தீர்கள், குணம் தெரிந்தது.

நான் இந்தப் பொருள்களை விற்கிறவள், மறைக்கவில்லை. விற்பதற்கு முன்னால் வாங்கிச் சாப்பிட்டவள். இரண்டாவது பிள்ளை பிறந்த நாலாவது மாதம் தலை சீவினால் சீப்பு நிறைய முடி. குளியலறைச் சல்லடையை தினமும் சுத்தம் செய்தால்தான் தண்ணீர் போகும். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் சத்து மாவும் ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் நெற்றியோரம் புது முடி வந்தது, களைப்பும் போனது. கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்று சொல்வேன்?

குறுவை:
நீடாமங்கலம். எங்கள் வீட்டில் மாத்திரை என்ற பேச்சே கிடையாது. சம்பா அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போதே தாளடியில் முளைக்கட்டும் என்று உளுந்து தெளித்துவிடுவோம். வீட்டுச் செலவுக்கு அந்த உளுந்து, கொல்லையில் முருங்கை, சாப்பாட்டுக்குப் புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். தீட்டிய பச்சரிசியே கதி என்று கிடந்தவர்களைப் பிடித்த, பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய், புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களை அவ்வளவாக அண்டவில்லை. சோற்றில் இருப்பதை விட்டுவிட்டு டப்பாவில் தேடுவது எனக்குப் புரியவில்லை.

மருந்துக்கடை:
கும்பகோணத்தில் 19 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். மூன்று பேர் சொல்வதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது.

குறுவை அண்ணே, பி12 முருங்கையிலும் இல்லை, உளுந்திலும் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், கறி, இவற்றில்தான் இருக்கிறது. சுருள்பாசியில் (ஸ்பைருலினா) உண்டு என்று விற்கிறார்கள், அது பெரும்பாலும் நம் உடம்பு பயன்படுத்த முடியாத வகை.

செல்வி அக்கா, பிரசவமாகி மூன்று நாலு மாதத்தில் முடி கொட்டுவதும், பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் தானாகவே முளைப்பதும் இயல்பு. மாத்திரை போடாமல் இருந்தாலும் வந்திருக்கும். அதோடு, பயோட்டின் அதிகம் சாப்பிட்டால் தைராய்டு போன்ற ரத்தப் பரிசோதனைகள் தப்பாகக் காட்டலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது.

தம்பி, எல்லாம் ஏமாற்று என்று நீங்கள் சொல்வதும் சரியில்லை. வைட்டமின் டி குறைந்து எலும்பு வலியோடு வந்தவர்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் மருந்தில் தேறியதைப் பார்த்திருக்கிறேன். வெயில் கொளுத்தும் ஊரில் அது எப்படிக் குறையும் என்பார்கள். வெயில் வெளியே அடிக்கிறது, நாம் கூரைக்குள் இருக்கிறோம். காலை ஏழு மணி இளவெயிலிலும் பெரிதாகக் கிடைக்காது. ஆனால் குறை இருக்கிறதா என்று பார்க்காமல் சாப்பிட்டால் என்ன ஆகிறது என்று அமெரிக்காவில் 25,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஐந்து வருடம்போல ஆய்வு நடத்தினார்கள். தினம் 2,000 யூனிட். புற்றுநோய் வருவதும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை.

கெடுதலும் உண்டு. வாரத்துக்கு ஒன்று என்று எழுதிய அந்த 60,000 யூனிட் மருந்தைத் தினம் ஒன்று போட்டுக்கொண்ட ஒரு பெரியவர் எனக்குத் தெரியும். ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி நிற்காமல் மருத்துவமனையில் படுத்தார்.

பாபநாசம் செல்வி:
முடி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் பரிசோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்றால், நடவுக்குப் போகிற பெண் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு அலைவாளா? கர்ப்பிணிகளுக்கு 180 நாள் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கும் வாரம் ஒன்று. ரேஷன் அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் கலந்து கொடுத்தார்கள். ஒவ்வொருவராகப் பரிசோதித்துவிட்டா கொடுக்கிறார்கள்?

வடவாற்றங்கரை:
அக்கா, அது இலவசம். ரத்தசோகை பரவலாக இருப்பது தெரிந்து, எவ்வளவு என்று அளந்து கொடுக்கிறார்கள். கர்ப்பிணி மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு. எங்கள் டப்பாவில் என்ன இருந்தது தெரியுமா? காலி டப்பாவில் அம்மா இப்போது கடுகு போட்டு வைத்திருக்கிறார். நேற்று அதைத் திருப்பிப் படித்தேன். ஒரு கரண்டி மாவில் பி12 அரை மைக்ரோகிராம். அப்பாவுக்குப் போட்ட ஒரு ஊசியில் 1,000 மைக்ரோகிராம். அடியில் பொடி எழுத்தில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று வேறு இருக்கிறது. அதை எங்களிடம் யாரும் படித்துக் காட்டவில்லை. என் கோபம் அதில்தான்.

குறுவை:
பி12 விஷயம் எனக்குப் புதிது. ஆனால் குறை இருந்தால்தான் சத்து வேலை செய்யும் என்பதை வயலில் பார்த்திருக்கிறேன். நட்ட மூன்றாவது வாரம் இலையில் துரு பிடித்த மாதிரி புள்ளி விழுந்து பயிர் குட்டையாக நிற்கும், துத்தநாகக் குறை. ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் போட்டால் தெளியும். பக்கத்து வயல்காரர் குறையே இல்லாத மண்ணில் அதே 25 கிலோவைக் கொட்டினார், ஒரு மூட்டை நெல் கூடவில்லை.

நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள்தான். அம்மா மட்டும் 20 வருடமாகச் சைவம், பாலும் பிடிக்காது. கை மதமதவென்று இருக்கிறது என்று கொஞ்ச நாளாகச் சொல்கிறாள். வயசாச்சு என்று விட்டுவிட்டேன். பி12 பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

மருந்துக்கடை:
சாப்பிட்டுவிட்டும் போகலாம் அண்ணே, ஆனால் சில பரிசோதனைக் கூடங்களில் வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு போங்கள். போவதற்கு முன்னால் சத்து மாத்திரை எதுவும் கொடுத்துவிடாதீர்கள், அளவு மாறிவிடும். செல்வி அக்கா, உங்களிடம் வாங்குகிறவர்களில் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்களா? கால்சியம், இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

பாபநாசம் செல்வி:
எங்கள் பெரியக்காவே இருக்கிறாள். காலையில் எழுந்ததும் இரண்டையும் ஒன்றாகத்தான் போட்டுக்கொள்கிறாள். கால்சியம் நான் கொடுத்தது. தைராய்டு மாத்திரை டோஸ் ஏற்றிக்கொண்டே போகிறார்கள், குறையவே இல்லை என்று போன வாரம்கூடப் புலம்பினாள். இப்போதே அவளுக்குப் போன் செய்கிறேன். என் களைப்பு சத்து மாவில்தான் போனது என்பதை நான் இன்னும் நம்புகிறேன், அதை அப்புறம் பேசலாம்.